வலது பக்கத்து பிராக்கெட்

என் தம்பி சொந்தமாக ஒரு ரேஸ் கார் கட்டப் போவதாகச் சொன்னபோது, கட்டப் போவது நான்தான் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் தொழில் கண்காணிப்பு கேமரா மாட்டுவது. என் தொழில் இரும்பு. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அப்பா வைத்தது, அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். ஜன்னல் கிரில், கேட், டிராக்டர் டிரெய்லர், செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறவர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் வளைந்த மாடிப்படி என்று வேலைக்குக் குறைவில்லை. நான் வைத்த வெல்டிங் விட்டுப்போச்சு என்று இதுவரை ஒருவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. இந்தக் கர்வத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் அடி விழுந்தது.

சென்னைக்குப் போகிற பக்கம் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில நாட்களில் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். வீட்டில் கட்டிய வண்டியையும் கொண்டுபோகலாம். தம்பி அங்கே போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். பழைய சின்ன கார் ஒன்றின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்து என் பட்டறை ஓரமாக இறக்கினான். "அக்கா, சும்மா ஒரு சட்டம் மட்டும் கட்டிக் குடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். மற்றதெல்லாம் என்பது பெயிண்ட்.

குழாய்களை வெட்டி வளைத்து ஒரு சட்டம் கட்டினேன். மேலே கூடு கிடையாது, கண்ணாடி கிடையாது. நம் ஊர் வண்டி என்பதால் ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருகிறான். முன் சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்ப்பது இரும்பாலான ஒரு கை. அந்தக் கையின் நுனி வந்து போல்ட் போட்டு உட்காரும் இடத்துக்குத்தான் பிராக்கெட் என்று பெயர். இரண்டு காது மாதிரி நிற்கும் தகடு, நடுவில் ஓட்டை. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் சக்கரம் வாங்குகிற அடி முழுக்க அதன் வழியாகத்தான் சட்டத்துக்கு வருகிறது. அது பிய்ந்தால் சக்கரம் மடங்கிவிடும். வேகத்தில் சக்கரம் மடங்கினால் என் தம்பி என்ன ஆவான் என்பதை நான் முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். "இந்த பிராக்கெட் மேல எனக்கு நம்பிக்கை வந்தாதான் நீ டிராக்குக்குப் போவே. வரலைன்னா வண்டியை வெட்டி கேட் பண்ணிடுவேன்." அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பிராக்கெட்டை நான் அவசரப்பட்டுச் செய்யவில்லை. முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். பிறகு தகட்டில் வெட்டினேன். இரண்டு காதையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி ஒரே தடவையில் ஓட்டை போட்டேன், அப்போதுதான் ஓட்டைகள் நேராக நிற்கும். இந்தப் பக்கத்து பிராக்கெட்டிலிருந்து அந்தப் பக்கத்து பிராக்கெட் வரை நூல் கட்டி, தூக்குக் குண்டு விட்டு, மட்டம் வைத்துப் பார்த்து, அங்கங்கே பொட்டு வைத்துப் பிடித்து, மறுபடி அளந்து, அதற்குப் பிறகுதான் முழுசாக வெல்டிங் ஓட்டினேன். இடதும் வலதும் ஒரே தகடு, ஒரே வெல்டிங் ராடு, ஒரே நாள், ஒரே கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரம் நான் இதையேதான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். கிரிவலப் பாதையில் சாமியாரும் மாடும் குறுக்கே வரும். வேங்கிக்காலைத் தாண்டி ஒரு மனைப்பிரிவு இருந்தது. வாங்க வருகிறவர்களின் மனம் குளிரட்டும் என்று நடுவில் ஒரு பிள்ளையார் கோயிலைக் கட்டி, அதைச் சுற்றி வட்டமாக ஒரு தார் ரோடு போட்டிருந்தார்கள். மனைகள் இன்னும் விற்கவில்லை. நிலத்தைக் கொடுத்த விவசாயி சும்மா கிடக்க வேண்டாமே என்று அதிலேயே வேர்க்கடலை போட்டிருந்தார். அந்த மனைப்பிரிவுக்குக் கேமரா மாட்டியவன் என் தம்பி, அதனால் காலை வேளையில் ஓட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தார் ரோடு அந்த வட்டம் ஒன்றுதான். என் லோடு வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவோம். தம்பி செருப்பைக் கழற்றி பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறுவான். நான் கோயில் படிக்கட்டு நிழலில் நின்றுகொள்வேன். அவன் சுற்றுவான்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து பட்டறையில் தூக்கிவைத்துப் பார்த்தபோது, இடது பிராக்கெட்டின் காது இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. போல்ட் ஓட்டை நீண்டு முட்டை மாதிரி ஆகியிருந்தது. வலது பிராக்கெட்டில் ஒரு கீறல் இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். என் மேல்தான். வெல்டிங் சூட்டில் இடது பக்கம் இழுத்திருக்கும், நான் கவனித்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன். அறுத்து எடுத்துவிட்டு, இன்னும் கனமான தகட்டில் வேறு செய்து வைத்தேன். அதுவும் வளைந்தது. அதன் முதுகில் ஒரு முட்டுத் தகடு கொடுத்தேன். இப்போது முட்டு நின்றது, ஆனால் பிராக்கெட் உட்கார்ந்திருந்த குழாயே உள்ளே அமுங்கியது. குழாயை வெட்டி வேறு போட்டேன். ஒவ்வொரு தடவையும் அடி இடது பக்கத்துக்குத்தான். வலது பக்கம் முதல் நாள் வைத்த அதே மெல்லிய தகட்டோடு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

என்னைக் குழப்பியது இதுதான். ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். என் தம்பி ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. நியாயமாகப் பார்த்தால் பாரம் ஜாஸ்தி வலது பக்கத்தில், கம்மி இடது பக்கத்தில். வளைவதாக இருந்தால் வலதுதான் வளைய வேண்டும். "உன் தொப்பை இருக்கற பக்கம் நல்லா இருக்கு. காலியா இருக்கற பக்கம் ஒடையுது. இது எந்த ஊர் நியாயம்டா?" என்று கேட்டேன். "தொப்பைதான் அக்கா அமுக்கிப் பிடிச்சிருக்கு" என்றான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்க் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிறவர் வந்து பார்த்து, சட்டமே கோணல் என்றார். மூலைக்கு மூலை நூல் போட்டுக் காட்டினேன், கோணல் இல்லை. ராடு ஈரம் என்றார். அதே ராடில் வைத்த வலது பக்கம் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். தம்பி மனைவி, இதெல்லாம் திருஷ்டி என்று எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்து அனுப்பினாள். அவன் அதை இடது பிராக்கெட்டிலேயே கொண்டுபோய்க் கட்டினான். அதோடு நிறுத்தாமல் ஒரு சின்ன கேமராவையும் அதே இடத்தைப் பார்த்தபடி மாட்டினான். வீட்டில் உட்கார்ந்து இடது சக்கரம் சுற்றுவதை ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். இடது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

எனக்கு என் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான் வலக்கைக்காரி. இடது பக்கம் வேலை செய்யும்போது உடம்பைத் திருப்பி உட்காருவேன், அதனால் கோளாறா? அப்படியென்றால் இத்தனை வருஷமாக எத்தனை கேட்டுக்கு இடது பக்கம் வெல்டிங் வைத்திருக்கிறேன்? ஒரு நாள் வேங்கிக்காலில் நான் மாட்டிய ஒரு கேட்டின் இடது கீலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்காரம்மா வெளியே வந்து, "என்னங்க, எதனா மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்வது? கீல் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒருவழியாக இடது பக்கம் நின்றது. கனத் தகடு, இரண்டு பக்கமும் முட்டு, புதுக் குழாய். எத்தனை சுற்று போனாலும் ஓட்டை வட்டமாகவே இருந்தது. தம்பி குதித்தான். "அவ்ளோதான் அக்கா! சரியாயிடுச்சு! டிராக்குக்குப் பேரு குடுத்துடறேன்." நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் வளைந்தது என்று தெரியாமல், இப்போது ஏன் வளையவில்லை என்று மட்டும் தெரிந்தால், அது தெரிந்த மாதிரியா தெரியாத மாதிரியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனோ பேர் கொடுத்துவிட்டான்.

டிராக்குக்குப் போகுமுன் டயரைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். பஞ்சர் கடைக்காரர் முன் டயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப்போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது ரெண்டும் ஒரே வண்டிதா? இது மொட்டையா கீது. இது கடையிலேர்ந்து வந்த மாதிரி கீது." மொட்டை, இடது டயர். வலது டயரின் ஓரத்தில் புது டயருக்கு இருக்கும் ரப்பர் முடி கூட உதிராமல் நின்றது. தடவிப் பார்த்தேன். விரலில் குறுகுறுத்தது. தம்பி கனம் முழுக்க உட்கார்ந்திருந்த பக்கம் தேயவே இல்லை. எனக்கு இருந்த கொஞ்சம் நஞ்சம் தெளிவும் போனது.

அன்று பௌர்ணமி. அதை மறந்துவிட்டு லோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஊருக்குள் போகிற ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. மலை வலது பக்கம் இருக்க, எல்லோரும் ஒரே திசையில். நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது? அப்போது ஒரு தள்ளுவண்டிக்காரர் கூட்டத்துக்கு எதிரே வந்து மாட்டிக்கொண்டார். அவர் மலை சுற்றவில்லை, பாவம், சுண்டல் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். ஆனாலும் ஆளுக்கு ஆள், "இப்டி வரக் கூடாதுங்க, திரும்பிப் போங்க" என்று அவரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போக அவர் மலையையே சுற்ற வேண்டும் போலிருந்தது.

நான் சிரித்தேன். டீ சிந்திய மேசையில் என் விரல் தன்பாட்டுக்கு மனைப்பிரிவு வட்டத்தை வரைந்துகொண்டிருந்தது. நடுவில் பிள்ளையார், சுற்றி ரோடு. விரல் வலமாகவே போனது. மறுபடி வரைந்தேன், மறுபடியும் வலம். இந்தத் தடவை வேண்டுமென்றே இடமாக இழுத்தேன். விரல் தயங்கியது. சிந்திய டீயில் வரைவதற்கே அந்தத் தயக்கம்.

பஸ் வலது பக்கம் வெட்டித் திரும்பினால் உள்ளே இருக்கிற நாமெல்லாம் இடது பக்கம் சாய்வோம். காரும் அப்படித்தான். வலமாகச் சுற்றினால் பாரம் முழுக்க இடது சக்கரத்தில் போய் விழும், ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சரி. இத்தனை நாளும் என் தம்பி அந்தப் பிள்ளையாரை ஒரு தடவைகூட இடமாகச் சுற்றவில்லை. சுற்றாதே என்று யாரும் சொல்லவில்லை. சுற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கோயில் படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு சுற்றையும் வேடிக்கை பார்த்தேனே, எனக்கும் தோன்றவில்லை. என் கண்ணுக்கு எதிரே போனதெல்லாம் வண்டியின் வலது பக்கம்தான். அந்த நல்ல பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

கூட்டம் கலைந்து வழி கிடைத்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவன் முகம் மெல்ல மாறியது.

"அப்ப வலது பக்கத்து பிராக்கெட்டு?"

"அது நல்லாவும் இல்லை, கெட்டும் போகல. இன்னும் அதுக்கு வேலையே வரலடா. டிராக்குல இடது பக்கமாத் திரும்பற எடம் இருக்கா?"

"இருக்கு" என்றான். "நேர் ரோடு முடியற எடத்துல. அங்கதான் ஸ்பீடு ஜாஸ்தி."



இடது பக்கம் செய்த மாதிரியே வலதுக்கும் செய்துவிட்டால் போயிற்று என்று நினைக்கலாம். அது முடியாது. வலது பக்கம் அதே இடத்தில் ஸ்டீயரிங் தண்டு இறங்குகிறது, முட்டுத் தகடு வைக்க இடமில்லை. வேறு மாதிரி செய்ய வேண்டும். எங்கே விட்டுப்போகும் என்று தெரியாமல் எங்கே முட்டுக் கொடுப்பது? மெதுவான வேகத்தில் பிள்ளையாரை இடமாக நாலு சுற்று சுற்றினால் தெரிந்துவிடும்.

"அது முடியாது அக்கா" என்றான்.

"எது?"

"இடமா சுத்தறது. அது சாவுக்குச் சுத்தற சுத்து. அப்பாவுக்கு நான் சுத்தினேன். இப்ப இவ மாசமா இருக்கா. சாவு வீட்டுக்குக்கூட நான் போறதில்லை, தேங்கா ஒடைக்கறதில்லை. பிள்ளையாரைப் போய் இடமாச் சுத்துன்னா எப்டி?"

அந்த மனைப்பிரிவை விட்டால் வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். மழைக்காலம், ஏரிக்குள்ளெல்லாம் தண்ணீர். பொட்டல் என்று சொல்லிக்கொள்ள எங்கேயும் ஒரு துண்டு காய்ந்த தரை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஸ்பீடா ஓட்டி சாவறதுக்கு ரெடி. மெதுவா இடமாச் சுத்தறதுக்கு பயமா?" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் சொன்னதில் இருந்த பயம் எனக்கும் இருந்தது. மேசையில் என் விரல் தயங்கியதை அவனிடம் சொல்லவில்லை.

"சரி விடு, நான் ஓட்டறேன்" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

எத்தனை சீக்கிரம் சொன்னான் என்று அப்போது நான் கவனித்ததாக நினைவில்லை. கவனித்திருப்பேன், கவனித்ததை ஒதுக்கி வைத்திருப்பேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். தினமும் லோடு வண்டி ஓட்டுகிறவள். எனக்கென்ன?

அடுத்த நாள் காலையில் போனோம். சீட் அவன் அளவுக்குச் செய்தது, எனக்குக் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினான். ஹெல்மெட் என் தலையில் உருண்டது. ஏறுவதற்கு முன் பிள்ளையாரைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதப்பா" என்று சொன்னேன். வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியபோதே எல்லாம் வேறு ஊர் மாதிரி இருந்தது. அதே ரோடு, அதே கடலைச் செடி, ஆனால் ரோடு எப்படி வளைகிறது என்று பிடிபடவில்லை. முதல் சுற்று ஊர்ந்தேன். அடுத்ததில் கொஞ்சம் வேகம். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. தகரத்தைக் கிழிப்பது போல ஒன்று கேட்டது. அதற்குள் வலது முன்பக்கம் கீழே உட்கார்ந்துவிட்டது. ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றியது. வண்டி தாரை விட்டு இறங்கி, கடலைச் செடியையும் ஈர மண்ணையும் வாரிக்கொண்டு போய் நின்றது. கண்ணாடி இல்லாத வண்டி, மண் வாயெல்லாம். இன்ஜின் அணைந்துவிட்டது. மணிக்கட்டு எதிலோ மோதியிருந்தது, எதில் என்று தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

தம்பி ஓடி வருவது தெரிந்தது. செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, ஓடி வந்தான். வந்தவன் நேரே வலது சக்கரத்துக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். சக்கரத்தைப் பிடித்து விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அக்கா! நீ சொன்னது கரெக்ட்டு! வேரோட பிஞ்சிக்கிச்சு! குழாயோட சேத்துப் பிச்சிருக்கு பாரேன்!"

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஒரு பரீட்சையில் நாங்கள் இரண்டு பேரும் பாஸாகிவிட்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "அடி கிடி படலியே?"

"இல்லை" என்றேன்.

நான் சொன்னது சரியாகிவிட்டது. அவன் டிராக்கில் சாகவிருந்த இடத்தை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அவன் முதலில் பார்த்தது பிராக்கெட்டை. அதற்காகத்தானே வந்தோம்? பார்க்காமல் என்ன செய்வான்? நானாக இருந்தாலும் முதலில் அதைத்தானே பார்த்திருப்பேன்? லோடு வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். நேர்மையாகப் பார்த்தால் இல்லை. உள்ளே அவன் உட்கார்ந்திருந்தால் என் கண் பிராக்கெட் பக்கமே போயிருக்காது.

அவன் கெட்டவன் இல்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து விழுந்தவன் அவன், காய்ச்சலில் கிடந்தவன் அவன், பரீட்சையில் போனவன் அவன். எனக்கு எதுவும் ஆனதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு எண்ணம். எனக்கே அந்த எண்ணம் உண்டு.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி மனைவி வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க ஏன் அண்ணி ஓட்டினீங்க?"

"அவன் இடமாச் சுத்தக்கூடாதாமே. உனக்கு ஆகாதுன்னுதான்."

"அதுக்கு?" என்றாள்.

கையிலிருந்த துணியை இறுக்கிச் சுற்றினேன். அவள் கொண்டுவந்த டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, சட்டத்திலிருந்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்த பிராக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

புது பிராக்கெட்டை வேறு மாதிரி செய்தேன். முட்டு வைக்க இடமில்லாததால், குழாயை முழுசாகச் சுற்றிப் பிடிக்கும்படி ஒரு பட்டையை வளைத்து, அதன் மேல் காதுகளை நிறுத்தினேன். இழுத்தாலும் தள்ளினாலும் குழாயின் ஒரு இடம் மட்டும் அடி வாங்காது. வலிக்கிற கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு வெல்டிங் ஓட்டினேன். பார்க்க அழகாக இல்லை. ஆனால் இது எங்கே இழுபடும், எதற்காக நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடி மனைப்பிரிவுக்குப் போனோம். இந்தத் தடவை நான் கோயில் படியில் நிற்கவில்லை. இடமாகச் சுற்றும்போது வலது பக்கம் வெளியே வரும், அதனால் ரோட்டுக்கு வெளியே, கடலைச் செடிகளின் ஓரத்தில் நின்றுகொள்ள வேண்டியது தம்பி, ஓட்டுவது நான் என்று கணக்கு. வண்டியை இறக்கிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு திரும்பினால், அவன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எறங்குடா" என்றேன்.

"நான் ஓட்டறேன்."

"இடமா சுத்தணும்."

"தெரியும்."

"உன் பொண்டாட்டி மாசமா இருக்கா."

"அவதான் சொன்னா." ஹெல்மெட் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னான், என்னைப் பார்க்கவில்லை. "அண்ணி ஒரு தடவை சுத்தினது போதும்னா. அவங்களுக்கு ஆனா மட்டும் பரவாயில்லையான்னு கேட்டா. எனக்கு அது தோணவே இல்லக்கா. சத்தியமாத் தோணல."

அவளுக்குத் தோன்றியது அவனுக்குத் தோன்றவில்லை என்பதில் எனக்கு வலித்ததா, தோன்றவில்லை என்று மறைக்காமல் சொன்னதில் ஆறுதலா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இறங்கு என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேண்டாம் என்றும் இருந்தது, போகட்டும் என்றும் இருந்தது. தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடலைச் செடி ஓரமாகப் போய் நின்றேன்.

அவன் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டான். தலையில் குட்டிக்கொள்ளப் போய், கை ஹெல்மெட்டில் இடித்தது. பிறகு இடமாகக் கிளம்பினான்.

என் வேலை வலது பிராக்கெட்டைப் பார்ப்பது. அது அசைகிறதா, காது சாய்கிறதா, பட்டை நகர்கிறதா என்று ஒவ்வொரு சுற்றும் பார்க்க வேண்டும். அவன் என்னைத் தாண்டும்போது பிராக்கெட் எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் போகும். அதற்குக் கொஞ்சம் மேலேதான் அவன் முகம். ஒரு சுற்று போனான். வேகத்தைக் கூட்டினான். போன தடவை எனக்குப் பிய்ந்த இடத்தைத் தாண்டினான், மறுபடி தாண்டினான், அதைவிட வேகமாகத் தாண்டினான். பிறகு எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை.

"எப்டி இருந்துச்சு அக்கா? பிராக்கெட்டு ஆடிச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன்.

"தெரியலடா" என்றேன். "நான் அதைப் பாக்கவே இல்லை."